பெங்களூரிலிருந்து பாதாமி வரை: பழசாகிப்போன ஒரு கூடாரத்தைப் பற்றி

கூடாரம் வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதுத் துணியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், புது ஜிப் தடையில்லாமல் ஓடும். மொட்டைமாடியில் விரித்துப் படம் எடுத்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள், இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு என்ன சொல்வார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

எங்களுடையது 2021 இறுதியில் வாங்கியது. மூன்று பேருக்கானது என்று விற்றார்கள், அதாவது இரண்டு பேரும் அவர்களுடைய பைகளும். பெங்களூரு அல்சூரில் வாடகை வீடு, கைவசம் ஒரு சிறிய கார். மலையுச்சியும் அடர்காடும் எங்கள் கணக்கில் இல்லை. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்கவும் முடியாது. நாங்கள் போவது சிற்றூர்களுக்கு. திப்டூர், ஹிரியூர், ஹொசதுர்கா, சித்ரதுர்கா, வடக்கே இல்கல், பாதாமி, ஆந்திரப் பக்கம் லேபாக்ஷி, கண்டிகோட்டா. வாரச்சந்தை நடக்கும் ஊர் என்றால் அன்றைக்கு அங்கேதான் இருப்போம்.

முதலில் முளைகள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகளைத் தூக்கிப்போட்டுவிடலாம். சித்ரதுர்கா மாவட்டத்தின் சரளை மண்ணில் இரண்டாவது அடியிலேயே வளைந்துவிடும். ஹொசதுர்கா பக்கத்துச் சந்தை ஒன்றில் ஒரு கொல்லர் இரும்புக் கம்பியை வெட்டி, தலையை வளைத்து, முனையைக் கூராக்கிக் கொடுத்தார். கனமானவைதான், ஆனால் இன்றுவரை ஒன்றுகூட வளையவில்லை. அந்தப் பகுதியில் காற்றாலைகள் ஏன் இத்தனை நிற்கின்றன என்று கேட்பவர்கள் ஜூன், ஜூலையில் அங்கே ஒரு கூடாரம் அடித்துப் பார்க்கலாம். எங்கள் கண்ணாடியிழைக் கம்பம் நீளவாக்கில் பிளந்தது அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான். உடைந்த இடத்தின் மேல் மாட்ட ஓர் உலோகக் குழாய்த் துண்டு போதும். அது கையில் இல்லாவிட்டால் அன்றிரவு காரில்தான் தூக்கம்.

இனித் துணி. உறையில் 2000 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்பது பொருள். கூரைக்கு அது போதும். தரைத் துணியில் முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் கூடுவதால் ஈர மண்ணிலிருந்து நீர் உள்ளே வரும். அடியில் ஒரு தார்ப்பாய் போடுவது நல்லது. ஆனால் அது கூடாரத்தின் தரையைவிட நான்கு விரல் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்திக் கூடாரத்துக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

மழையைவிட எங்களை அதிகம் நனைத்தது எங்கள் மூச்சுக்காற்று. மார்கழியில் ஏரிக்கரையில் படுத்தால் விடியும்போது உள்கூரையில் நீர் கோத்து நிற்கும். கொசுவலைக்கு மேலுள்ள காற்றுவழியைக் குளிருக்குப் பயந்து மூடக் கூடாது. நான் திறப்பேன், நான் தூங்கியதும் என் கணவர் மூடுவார். இந்தச் சண்டைக்கு இன்னும் தீர்வு காணப்படவில்லை.

துணிக்கு உண்மையான எதிரி பெங்களூரு அடுக்குமாடி வீடு. ஞாயிறு இரவு வந்து சேர்ந்து, நனைந்த கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினால், உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் மெல்லச் சிதையும். பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், பிறகு செதில் செதிலாக உரியும். நாங்கள் ஒவ்வொரு முறையும் மொட்டைமாடியில், வீட்டு உரிமையாளர் அம்மாவின் துணிக்கொடிக்கு நடுவே இடம் கேட்டு உலர்த்தியிருக்கிறோம். அப்படியும் நான்காவது மழைக்காலத்தில் தரைத் துணி ஒட்ட ஆரம்பித்தது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதியதற்கு வந்த பதிலில் நன்றி மட்டும் நிறைய இருந்தது. ஜிப் கெட்டதற்கு யாருக்கும் எழுதவில்லை. பெரும்பாலும் கெடுவது ஓடும் கொக்கிதான், பற்கள் அல்ல. பை தைப்பவர் கொக்கியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இல்கல் தாண்டினால் கரிசல். நான் கோவில்பட்டிக்காரி, அந்த மண்ணின் குணம் எனக்குத் தெரியும். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் செருப்போடு ஆளையே பிடித்துக்கொள்ளும். மேகம் கறுத்தால் கரிசல் வயலில் கூடாரம் அடிக்காதீர்கள், காரையும் தார்ச்சாலையிலிருந்து இறக்காதீர்கள். பாதாமியில் கூடாரமே வேண்டாம். அந்த ஊர்க் குரங்குகளுக்குக் கொசுவலை ஒரு பொருட்டே அல்ல. மலையும் குடைவரைகளும் தொல்லியல் துறையின் காவலில் இருப்பவை. லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் மூன்றாம் குகைக்குப் போய் 578ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள். மதியம் கானாவளியில், அதாவது அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும். (கூடாரத்துக்கு அடுத்தபடியாக இந்தப் பயணங்களில் அதிகம் செலவு வைத்தது இல்கல் சேலை. அதற்கு மதிப்புரை தேவையில்லை.)

எங்கே அடிப்பது என்பதுதான் எங்கள் அனுபவத்தில் பெரிய பகுதி. வெட்டவெளி போலத் தெரியும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. வயல், கோயில் மானியம், பள்ளி மைதானம், ஏரிப் புறம்போக்கு என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். மாலை நான்கு மணிக்கே ஊருக்குள் போய், டீக்கடையில் உட்கார்ந்து, யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்டுவிடுவோம். அல்சூரில் பிறந்து வளர்ந்த என் கணவர் கன்னடத்தில் பேசுவார். கூட நானும் நிற்பதைப் பார்த்தால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும், சந்தேகமும் சேர்ந்தே கிடைக்கும். திப்டூருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், வீட்டுக்கார அஜ்ஜி (பாட்டி) என்னைத் தனியாக அழைத்து, “வீட்டில் சண்டையா, தாயி? ஓடி வந்துவிட்டீர்களா?” என்று விசாரித்தார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அவர் தென்னைக்கடியில் கூடாரம் அடிக்க விடவில்லை. மட்டை விழுந்தால் துணியும் தாங்காது, மண்டையும் தாங்காது என்று களத்தைக் காட்டினார். அதன் பிறகு நாங்கள் எங்குமே தென்னைக்கடியில் படுத்ததில்லை.

ஹிரியூர் அருகே வாணி விலாச சாகரத்தின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு மேடு இருந்தது. வேதாவதி ஆற்றின் குறுக்கே 1907இல் முடிக்கப்பட்ட அணை அது. 1933க்குப் பிறகு 2022இல்தான் நிரம்பி வழிந்தது. அந்த ஆண்டு போனபோது எங்கள் மேடு தண்ணீருக்குள் இருந்தது. அங்கே தங்க இடம் கொடுத்த விவசாயிக்கு அளவில்லாத மகிழ்ச்சி. எங்கள் வருத்தத்தை வெளியே சொல்ல முடியவில்லை.

கண்டிகோட்டாவில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் விடியலைப் பார்ப்பது அருமையான அனுபவம். ஆனால் சனிக்கிழமை போனால் வாடகைக் கூடாரங்களின் வரிசையில் நீங்களும் ஒருவர், ஒலிபெருக்கி வேறு. புதன், வியாழனில் விடுப்பு எடுக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

கழிப்பறை பற்றி ஆண்கள் எழுதும் மதிப்புரைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பெட்ரோல் பங்கில் உண்டு, விதிப்படி இலவசம்தான், ஆனால் சாவியை வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். இரவு பத்து மணிக்கு வயல்வெளியில் அதுவும் கிடையாது. தலை உயரத்துக்கு விரியும் சிறிய மறைப்புக் கூடாரம் ஒன்றும் மடக்கு இருக்கையும் வாங்கிய பிறகுதான் இந்தப் பயணங்கள் எனக்குப் பிடிக்கத் தொடங்கின. பெரிய கூடாரத்தின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. கையில் எடுத்துப்போகும் ஒரு பொருளை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

காற்றடைத்த மெத்தை முதல் ஆண்டிலேயே சீமைக் கருவேல முள்ளுக்குப் பலியானது. இப்போது மெத்தைக் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிய மூன்று அங்குல ஃபோம். காரில் இடத்தை அடைக்கிறது, முதுகு வாழ்த்துகிறது. ப்யூட்டேன் அடுப்பு டீக்கு மட்டும். அந்த வாயு 0 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மக்கர் செய்யும் என்பதால் இந்தப் பக்கத்துக் குளிருக்குக் கவலை இல்லை. தகரத் தடுப்பு இல்லாவிட்டால் காற்று அணைத்துவிடும், அவ்வளவுதான். வாயுக் குப்பி சிற்றூர்களில் கிடைக்காது. விளக்கு மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சி குறையும். பெரிய பேட்டரிப் பெட்டி வேண்டியதே இல்லை.

மாதங்களைப் பொறுத்தவரை அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச்சில் காலை ஏழரைக்கே உள்ளே இருக்க முடியாது. ஏப்ரல், மே மாலைகளில் இடி இறங்கும். இடி கேட்டதும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெங்களூரிலேயே கூடாரத்தை வாடகைக்கு எடுத்து லேபாக்ஷி வரை ஒருமுறை போய்வரலாம். 120 கிலோமீட்டர்தான். எங்களுக்கு டிசம்பரில் மறுபடியும் இல்கல் பயணம் இருக்கிறது. அலுமினியக் கம்பம் வைத்த, இதைவிடச் சிறிய கூடாரம் ஒன்றை என் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். கே.ஆர். மார்க்கெட் பக்கத்துத் தார்ப்பாய்க் கடைக்காரரோ பழையதன் தரைத் துணியை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்கிறார். நான் தார்ப்பாய்க் கடைக்காரர் கட்சி.