மே மாத இன்டர்ன்ஷிப்புக்கு மதுரை டிரயல் ஆபிஸ்: ஒரு சட்ட மாணவியின் மதிப்பீடு

இந்த மே மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு மூன்று இடங்களிலிருந்து வரச் சொன்னார்கள். ஒன்று சென்னையில் கார்ப்பரேட் சட்ட நிறுவனம். இன்னொன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் வழக்குகள் (அரசின் நடவடிக்கைகளை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடுபவை) அதிகம் பார்க்கும் ஆபிஸ். மூன்றாவது, மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகளும் செக் திரும்பிய வழக்குகளும் நடத்தும் ஒரு வழக்கறிஞரின் ஆபிஸ், அதாவது விசாரணை நீதிமன்ற வேலை பார்க்கும் டிரயல் ஆபிஸ். நான் போனது மூன்றாவதற்கு. ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் வருடம் இருப்பவர்களுக்கு, அதுவும் மே மாதத்துக்கு, இந்த மாதிரி ஆபிஸைத்தான் சொல்வேன். பெயர் போடவில்லை. கட்சிக்காரர்களின் (வழக்கை நம்பிக் கொடுப்பவர்களின்) விஷயங்களோடு கலந்த இடம், ஆபிஸை நடத்தும் சீனியர் வழக்கறிஞரும் விரும்ப மாட்டார்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. சென்னையானாலும் மதுரைக் கிளையானாலும் விடுமுறைக்கால நீதிபதிகள் அவசர வழக்குகளை மட்டும் எடுப்பார்கள். மாவட்டத்தில் சிவில் கோர்ட்டுகளும் மூடியிருக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். கைதானவரைக் காவலில் வைக்கும் ரிமாண்டும் ஜாமீனும் விடுமுறை பார்த்து வருவதில்லை. கிளையில் இருக்கும் அந்த ஆபிஸின் ஜூனியர் அக்கா இதைப் போனிலேயே சொல்லிவிட்டார். "மே மாசம் வந்தா வெக்கேஷன் கோர்ட் மட்டும்தான்ப்பா. மத்த நாள்ல ஆபிஸ்ல ஃபைல் அடுக்குவ. டிசம்பர்ல வா, ரிட்டுன்னா என்னன்னு பாக்கலாம்." வரச் சொன்ன ஆபிஸே இப்படி நேர்மையாகச் சொன்னதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சென்னை நிறுவனம் மாதம் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னது. ஹாஸ்டல், சாப்பாடு, மெட்ரோ போக ஒன்றும் மிஞ்சாது, ஆனால் கையைக் கடிக்காது. அங்கே ஏற்கனவே போய் வந்த சீனியர் மாணவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒப்பந்தங்களைப் படித்து எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அட்டவணை போடுவது, கம்பெனி ஆவணங்களைச் சரிபார்ப்பது, இதுதான் நாள் முழுவதும் வேலை என்றார்கள். கார்ப்பரேட் பக்கம் போக முடிவு செய்தவர்களுக்கு அது சரியான பயிற்சி. அவர்கள் தயங்காமல் போகட்டும். நான் கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும் என்று சட்டம் படிக்க வந்தவள்.

பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளும் இங்கே உதவுகின்றன. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. படிப்பு முடிவதற்குள் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் இருந்திருக்க வேண்டும். இதோடு மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் பயிற்சி) தாளில் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்துப் பதிவு செய்ய 30 மதிப்பெண், கட்சிக்காரரிடம் விவரம் கேட்கும் அமர்வுகளைக் கவனித்து எழுதுவதற்கும் இன்டர்ன்ஷிப் டைரிக்கும் சேர்த்து 30 மதிப்பெண். டிரயல் ஆபிஸில் இருந்தால் டைரியில் கற்பனையாக எழுத வேண்டிய அவசியமே வராது.

சரி, ஆபிஸுக்கு வருகிறேன். அண்ணா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இரண்டு அறை. காலை ஒன்பது மணிக்கு குமாஸ்தா அண்ணன் அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து வைத்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நமக்கான பாடம். எந்தக் கட்டையும் எடுத்துப் படிக்கலாம், சந்தேகத்தை ஜூனியர்களிடம் கேட்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, கட்டு ஆபிஸை விட்டு வெளியே போகக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது. பத்தரைக்கு கோர்ட். வாய்தா வாங்கும் கேஸுக்குக்கூட கூடவே கூட்டிப் போவார்கள், வெளியே வந்ததும் அந்த வாய்தா ஏன் என்று சொல்வார்கள்.

எனக்குக் கிடைத்த முதல் நிஜமான வேலை ஒரு செக் வழக்கு. ஆபிஸ் புகார்தாரர் பக்கம், புகார் இன்னும் தாக்கல் ஆகவில்லை. "தேதி மட்டும் எழுதிட்டு வாம்மா, கதை வேண்டாம்" என்று கட்டைக் கொடுத்தார் சீனியர். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு எல்லோரும் படிப்பதுதான். செக் திரும்பியதாக வங்கி சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கொடுக்க 15 நாள், அதற்கும் கொடுக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். ஆனால் நோட்டீஸ் 'கிடைத்த' நாள் எது? ஒப்புதல் அட்டையில் கையெழுத்து இருந்தது, தபால் முத்திரை மை கரைந்து தேதி தெரியவில்லை. அனுப்பி ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கட்சிக்காரர் சொல்லியிருந்தார். கட்டுக்குள்ளேயே தபால் டிராக்கிங் தாள் ஒன்று மடித்து இருந்தது, அதன்படி இரண்டாம் நாளே டெலிவரி ஆகிவிட்டது. கடைசி நாள் அடுத்த வாரம் இல்லை, இந்த வாரமே. சீனியர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, அன்று மாலையே புகாரை டைப் செய்யச் சொன்னார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் ஒரு நாள் தள்ளிப்போனதற்குக் காரணம் தேடி கட்சிக்காரர் ஏன் அலைய வேண்டும்? நான்கு வருடம் படித்த ஒரு பிரிவு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

புதிய சட்டங்கள் விஷயத்திலும் இந்த ஆபிஸ் பெரிய உதவி. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டாலும் அதற்கு முன்பே விசாரணை நடந்துகொண்டிருந்த வழக்குகள் பழைய நடைமுறைச் சட்டப்படிதான் போகின்றன. அதனால் மேஜையில் இரண்டு புத்தகங்களும் இருக்கும். 482-ஆம் பிரிவு என்றால் முன்பு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். இப்போது அதே எண் முன்ஜாமீன், பழைய 482 இப்போது 528. மனப்பாடம் செய்தால் தேர்வு வரை நிற்கும். மனுவில் தலைப்பைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினால் மறக்காது.

இந்த ஆபிஸின் மேல் எனக்கு மரியாதை கூடியது ஒரு மாலையில். மகனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்று அழுதபடி ஒரு அம்மா வந்தார், வக்கீல் வைக்க வசதி இல்லை. சீனியர் அவரை உட்கார வைத்து, போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது, வீட்டில் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டார். மகன் என்ன செய்தான் என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது. 1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைக்கும் என்று விளக்கி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதித் தந்தார். எழுதியது என் கை. "பாப்பா, அம்மா பேரை அவங்க சொல்ற மாதிரியே எழுது" என்றார் குமாஸ்தா அண்ணன். டைரியில் பாதிப் பக்கம் இதற்கே போனது.

குறைகளும் உண்டு. ஒரு ரூபாய் கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும் ஆபிஸ் செலவு. சிவில் விசாரணை மே மாதத்தில் பார்க்கவே முடியாது, அதற்கு வேறு மாதம் வர வேண்டும். இன்டர்ன்களுக்குத் தனி மேஜை இல்லை, கட்டை மடியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் கருப்புக் கோட்டோடு கோர்ட் வளாகத்தைச் சுற்றுவது உடம்பை எடுத்துவிடும்.  சித்திரைத் திருவிழா மே மாதத்தில் வந்தால் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை, அந்த வாரம் முழுக்க பஸ் கிடைப்பதே கஷ்டம். இதற்கெல்லாம் ஒன்றைக் கழித்து ஐந்துக்கு நான்கு தருகிறேன்.

இன்னொன்று. சர்டிபிகேட்டுக்கு முன்பணம் கேட்டு ஆன்லைனில் ஒரு 'இன்டர்ன்ஷிப்' எனக்கும் வந்தது. நாம் உழைக்கப் போகிற இடத்துக்கு நாமே பணம் கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது, தயவுசெய்து கட்டாதீர்கள்.

டிரயல் ஆபிஸில் கேட்க நினைப்பவர்கள் ஏப்ரல் முதல் வாரத்திலேயே நேரில் போங்கள். மாலை ஆறரைக்கு மேல், கட்சிக்காரர் கூட்டம் குறைந்த பிறகு. கல்லூரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் எந்தெந்தக் கோர்ட்டில் என்னென்ன கேஸ் இருக்கிறது என்று குமாஸ்தாவிடம் கேளுங்கள். அவர் டைரியைப் புரட்டி நாள் வாரியாகச் சொன்னால் தைரியமாகச் சேருங்கள்.