வேலூர் வெயிலில் பச்சை இகுவானா: கூண்டு, ஒளி, குளிர்ச்சி, தீனி எதில் எது மேல்?

பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லி இனத்தை வளர்ப்பதற்கான குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை என்பதால், கூண்டைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்பதிலேயே அவற்றின் கவனமெல்லாம் குவிந்திருக்கிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூரிலோ ஆற்காட்டிலோ ராணிப்பேட்டையிலோ அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால், தேவையில்லாத சூட்டு விளக்குகளுக்குப் பணம் போய்விடும். உண்மையில் வேண்டியிருக்கும் இடவசதிக்கும் நிழலுக்கும் ஈரப்பதத்துக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது. மெக்சிகோ தொடங்கிப் பிரேசில் வரை ஆற்றோர மரங்களின் மேல் வாழும் இந்த விலங்குக்கு நம் ஊர் வெயில் பெரிதாகப் புதிதில்லை, ஆனால் நம் ஊர்க் காற்றின் வறட்சி புதிது. ஆகவே கடைகளில் கிடைக்கும் மாற்றுகளை, வேலூரின் தட்பவெப்பத்துக்கு எது பொருந்தும் என்ற ஒரே அளவுகோலை வைத்து இங்கே நிறுத்துப் பார்க்கிறேன்.

கண்ணாடித் தொட்டி, மரக் கூண்டு, மாடிக் கூண்டு

குட்டியை விற்கும் கடைகளில் அதனுடன் ஒரு கண்ணாடித் தொட்டியையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவது வழக்கம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி வால் நுனியோடு சேர்த்து ஒரு சாண் அளவே இருப்பதால், 3 அடித் தொட்டி அதற்குத் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் நன்றாகத் தின்று வளரும் குட்டி ஓராண்டுக்குள் 2 அடியைத் தாண்டிவிடும். முழுமையாக வளர்ந்த ஆண் வாலுடன் 5 முதல் 6 அடி வரை நீளும். சரியான பராமரிப்பு அமைந்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். எனவே தொட்டி என்பது சில மாதங்களுக்கு மட்டுமே உதவும் பொருள். ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பது அதன் நற்குணம். காற்றோட்டமும் உயரமும் இல்லாமை அதன் குறைகள். இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. வெயில் படட்டும் என்று நினைத்துத் தொட்டியை ஜன்னலோரம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி, விலங்குக்கு வேண்டிய புற ஊதா பி கதிரைத் தடுத்துவிட்டு, வெப்பத்தை மட்டும் உள்ளே சிறைப்பிடிக்கும். சித்திரை வெயிலில் சில நிமிடங்களே உயிருக்கு உலை வைக்கப் போதும்.

ஆசாரியிடம் சொல்லி அலமாரி போலச் செய்துகொள்ளும் மரக் கூண்டுதான் என் தேர்வு. முழுமையாக வளர்ந்த இகுவானாவுக்குக் குறைந்தது 6 அடி உயரம், 6 அடி நீளம், 3 அடி ஆழம் வேண்டும். தண்ணீர் படும் என்பதால் மரைன் பிளைவுட் எடுப்பது நல்லது. பின்புறமும் இரு பக்கங்களும் பலகையாகவும், முன்புறம் கண்ணாடிக் கதவாகவும், மேல்பகுதியில் ஒரு பங்கும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு பங்கும் கம்பி வலையாகவும் இருந்தால், காற்றும் ஓடும், ஈரமும் தங்கும். சுற்றிலும் வலை மட்டுமே உள்ள பறவைக் கூண்டு மலிவானதுதான். ஆனால் நம் ஊரின் வறண்ட காற்றில் அதற்குள் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். வார்னிஷ் அடித்திருந்தால் வாடை முழுவதும் போகும்வரை விலங்கை உள்ளே விடக் கூடாது. ஏறிப் படுக்க, அதன் உடல் பருமனுக்கு ஒத்த கொய்யாக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தலாம். சாலையோரம் எளிதாகக் கிடைக்கிறதே என்று அரளிக் கிளையை வெட்டி வருவது நஞ்சைக் கொண்டுவந்து வைப்பதற்குச் சமம்.

மொட்டை மாடியில் வெல்டு மெஷ் அடித்துச் செய்யும் கூண்டுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் அது மிகப் பெரியது: தடையில்லாத வெயில். நிரந்தர வீடாக மட்டும் அது உதவாது. கோடை நண்பகலில் மாடித் தளமே அடுப்பாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். பூனைகளும், மலையோரத் தெருக்களில் குரங்குகளும் சும்மா இருக்காது. ஆகவே வீட்டுக்குள் மரக் கூண்டையும், காலையில் மட்டும் பயன்படுத்தச் சிறிய மாடிக் கூண்டையும் வைத்துக்கொள்வது, இரண்டில் எதையும் தனியாக நம்புவதைவிடச் சிறந்தது. மாடிக் கூண்டின் பாதிப் பரப்பைப் பச்சை ஷேட் நெட்டால் மூடிவிட வேண்டும். விலங்கு தானே நிழலுக்கு நகர வழி இல்லாத வெயில் தண்டனைதான். கூண்டே வேண்டாம், அறையில் திரியட்டும் என்பவர்களுக்கு மின்விசிறியையும் ஒயர்களையும் நினைவூட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

குழல் விளக்கு, பாதரச ஆவி விளக்கு, காலை வெயில்

புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடலில் சேரும். இந்தச் சங்கிலி அறுந்தால் எலும்பு மென்மையாகும், தாடை வீங்கி, அழுத்தினால் வளையும் நிலைக்கு வரும், கால்கள் நடுங்கும். வளர்ப்பு இகுவானாக்களைப் பிடிக்கும் நோய்களில் மிகவும் பழக்கமானதும், முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியதும் இதுதான்.

ஊதா நிறத்தில் ஒளிரும் ‘பிளாக் லைட்’ விளக்குகளில் இந்தக் கதிர் கிடையாது என்பதால் அவற்றைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடலாம். சிஎஃப்எல் வடிவில் திருகி மாட்டும் புற ஊதா விளக்கு மலிவு என்றாலும், அதன் கதிர் சிறிய வட்டத்தில் மட்டுமே விழுகிறது. நீண்ட உடல் கொண்ட விலங்கின் தலைக்கு ஒளி கிடைத்தால் முதுகுக்குக் கிடைக்காது. பாதரச ஆவி விளக்கு ஒரே பல்பில் ஒளி, சூடு, புற ஊதாக் கதிர் மூன்றையும் தருவதால் வெளிநாடுகளில் பலருக்கும் விருப்பமானது. வேலூரில் அந்தச் சிறப்பே குறையாகிவிடுகிறது. அதன் சூட்டையும் கதிரையும் பிரிக்க இயலாது. வெப்பத்தைப் பார்த்துத் தானே மின்சாரத்தை நிறுத்தித் தரும் தெர்மோஸ்டாட்டில் இணைத்து அணைத்து எரிய விடவும் முடியாது. கோடையில் சூடு வேண்டாமென்று அதை அணைத்தால் கதிரும் போய்விடும். எரிய விட்டால் கூண்டு கொதிக்கும். டி5 வகைக் குழல் விளக்கில் இந்தச் சிக்கல் இல்லை. 24 வாட், 39 வாட் அளவுகளில் கிடைக்கும் இந்தக் குழல் அதிகம் சூடாவதில்லை. கூண்டின் நீளத்தில் பெரும்பகுதிக்கு ஒளி தருகிறது. மின்தடை நேரத்தில் சாதாரண இன்வெர்ட்டரிலேயே எரியும். படுக்கும் கிளைக்கு மேலே ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரத்தில், இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் மாட்ட வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் குறையாவிட்டாலும் உள்ளிருக்கும் கதிர் குறைந்துகொண்டே போகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம்.

இத்தனைக்கும் பிறகு, எந்த விளக்கும் காலை வெயிலுக்கு ஈடாகாது. கோடையில் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள்ளும், மார்கழி, தை மாதங்களில் இன்னும் சற்றுத் தாமதமாகவும் மாடிக் கூண்டில் விட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்தால், விலங்கு தன் தேவையைத் தானே சொல்வதைக் காணலாம். முதலில் அதன் நிறம் கருக்கும்; விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கி, வெயில் விழும் பக்கம் முதுகைச் சாய்த்து, கண்களைப் பாதி மூடிக்கொள்ளும். சூடு ஏறியதும் நிறம் வெளுத்து, நிழலுக்கு நகரும். நிழலிலும் வாயைத் திறந்தபடியே இருந்தால் வெப்பம் மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் வெயில் வராதபோதும், ஊருக்குப் போக நேரும்போதும் கைகொடுப்பது குழல் விளக்கு என்பதால், வெயில் இருக்கிறதே என்று அதை வாங்காமல் விடுவதையும் நான் ஏற்கமாட்டேன்.

சூட்டைவிடக் குளிர்ச்சிக்கே யோசனை வேண்டும்

பகலில் கூண்டின் பொதுவான வெப்பம் 28 முதல் 32 டிகிரியாகவும், வெயில் காயும் கிளையில் 35 டிகிரி அளவிலும், இரவில் 22 முதல் 25 டிகிரியாகவும் இருந்தால் போதுமானது. பங்குனி முதல் ஆவணி வரை வேலூர் வீடுகளில் இந்த வெப்பம் தானாகவே இருக்கிறது. மழைநாள் காலைகளுக்குச் சாதாரண 60 வாட் குண்டு பல்பே போதும். ஊர்வனவற்றுக்கென்று தனியாக விற்கும் பல்பும் அதே சூட்டைத்தான் கூடுதல் விலைக்குத் தருகிறது. இரவு வெப்பம் 18 டிகிரிக்கு அருகில் இறங்கும் தை மாதத்துக்காக, ஒளியில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டுடன் வாங்கி வைக்கலாம். மின்சாரத்தில் சூடாகும் ‘சூட்டுக் கல்’ எனப்படும் பொருளை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதன்மேல் படுத்து அடிவயிறு வெந்து புண்ணாவது பழகிப்போன விபத்து.

கோடைக்கு ஏசியா, ஏர் கூலரா என்ற கேள்வியில், விலைக்காக அல்லாமல் விலங்கின் நலனுக்காகவே நான் கூலரின் பக்கம் நிற்கிறேன். இகுவானாவுக்கு 60 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் தேவை. ஏசி வெப்பத்தைக் குறைக்கும்போதே காற்றில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. கூலரோ தண்ணீர் ஆவியாவதாலேயே குளிர்ச்சி தருவதால், பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் வெப்பத்தைக் குறைப்பதும் ஈரத்தைக் கூட்டுவதும் ஒரே வேலையாக நடந்துவிடுகின்றன. காற்று கூண்டின் மேல் நேராக அடிக்காதபடி அறைக்குள் திருப்பி வைக்க வேண்டும்; கொசு முட்டையிடாமல் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் காற்று ஈரமாகிவிட்டால் கூலரால் பயனில்லை, அப்போது தேவையும் இல்லை. கூலர் இல்லாத வீட்டில் கூண்டின் வலைப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, கைத்தெளிப்பானால் நாளுக்கு இரண்டு மூன்று முறை தெளித்தாலும் பெருமளவு சமாளிக்கலாம். ஈரம் போதாவிட்டால் தோல் சரியாக உரியாது. விரல்களிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாக இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, அந்த விரலே கருகி விழுந்துவிடும்.

டப்பா தீனியும் நேதாஜி மார்க்கெட் கீரையும்

இகுவானா முழுமையான தாவர உண்ணி. முட்டையும் பூச்சியும் நாய்த் தீனியும் கொடுத்தால் வேகமாக வளரும் என்ற பேச்சைக் கேட்டு நடப்பவர்கள், அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பதே தீனியின் அடிப்படை விதி. இறக்குமதித் தீனி உருண்டைகள் அந்தக் கணக்கை டப்பாவின் மேல் அச்சிட்டிருந்தாலும் அவை உலர்ந்தவை. தனக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதியை இலையிலிருந்தே பெறும் விலங்குக்கு, அதுவும் வேலூர்க் கோடையில், உலர்தீனியை முதன்மை உணவாக்குவது சரியல்ல. நம் கீரைகளைப் பாருங்கள்: 100 கிராம் அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம் கால்சியமும் 80 மில்லிகிராம் பாஸ்பரஸும், முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் கால்சியமும் 70 மில்லிகிராம் பாஸ்பரஸும் இருப்பதாக நம் நாட்டு உணவு அட்டவணைகள் காட்டுகின்றன. பாலக்கீரையில் கால்சியம் 73 மில்லிகிராம்தான். அதையும் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கட்டிப்போட்டுவிடுகிறது. லெட்டூஸில் தண்ணீரைத் தவிரச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை.

அகத்தி, முருங்கை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கலந்து, துருவிய பரங்கிக்காயும் நறுக்கிய அவரையும் கொஞ்சம் சேர்த்து, பப்பாளியை எப்போதாவது ஒரு துண்டு வைத்தால் எந்த டப்பாவும் அதற்கு நிகராகாது. முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி மடலும் நல்ல உணவு. அமாவாசையன்று பசுவுக்குக் கொடுப்பதற்காகக் கோயில் வாசல்களில் அகத்திக் கட்டு விற்பார்கள். மற்ற நாள்களில் கிடைப்பது நிச்சயமில்லை என்பதால் மாடியில் ஒரு பெரிய தொட்டியில் மரமாகவே வைத்துக்கொள்வது பூச்சிமருந்துக் கவலையையும் போக்கும். அகத்திக் கட்டை, கூண்டின் கிளையில் நூலால் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்: சதைப்பற்றான நாக்கை நீட்டி இலையை முதலில் தொட்டுச் சோதித்து, பிறகுதான் தலையைப் பக்கவாட்டில் இழுத்துக் கிழிக்கும். கால்சியம் பொடிக்குப் பறவைக் கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைத் தூளாக்கித் தூவலாம். தீனிப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். இவ்விலங்கின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டில்லை.

குட்டியா, வளர்ந்ததா, உள்ளூர் மருத்துவரா, சென்னையா

குட்டி அழகானது, ஆனால் எளிதில் நோய்ப்படும். வளர்க்க முடியாமல் ஒருவர் கொடுக்க முன்வரும் வளர்ந்த விலங்கின் குணத்தையும் உடல்நிலையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்பதால், பெரிய கூண்டு தயாராக உள்ளவருக்கு நான் அதையே சொல்வேன். எதுவாயினும் ஆவணம் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி இகுவானா, பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினங்களுக்கான நான்காம் அட்டவணையில் வருகிறது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி வாங்கிய 30 நாள்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜவ்வாது மலைப் பக்கத்து உடும்பை யாராவது இதற்கு மாற்றாகக் காட்டினால் விலகிவிடுங்கள்; அது முதல் அட்டவணை உயிரினம், வைத்திருப்பதே குற்றம்.

மாவட்டத்தின் கால்நடை மருத்துவமனைகளில் மாடு, ஆடு, நாய் பார்த்துப் பழகிய மருத்துவர்களே அதிகம். குடற்புழுச் சோதனைக்கும் சிறு காயத்துக்கும் அவர்கள் போதும். எலும்பு, முட்டை, சிறுநீரகம் என்று வரும்போது, 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான் நமக்கு எட்டும் தொலைவில் உள்ள இடம்; காட்பாடியிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலேயே முட்டை உருவாக்கும். அந்த வாரங்களில் அது தின்னாமல் இருப்பது இயல்புதான், ஆனால் சுறுசுறுப்பாக மண் தோண்டிக்கொண்டிருக்கும், அதற்காக ஈர மணல் நிரப்பிய பெட்டி ஒன்று கூண்டில் இருக்க வேண்டும். தோண்டுவதையும் நிறுத்திச் சோர்ந்து படுத்துவிட்டாலோ, விரல்கள் துடித்தாலோ, ஓர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு நாளைக்கு முடிவு செய்யலாம் என்று காத்திராமல் அன்றே சென்னைக்குக் கொண்டு போய்விடுங்கள்.