பெடல் ஸ்டீல் கிட்டாரை ட்யூனிங் மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவையுங்கள்

டெக்சஸில் பெடல் ஸ்டீல் வாசிக்கும் தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தாலும், பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, "செட்டப் செய்து தரப்படும்" என்று விளம்பரம் போடுகிறவரிடம் கொடுக்கலாமா என்று யோசிக்கிற யாருக்காவது இது உதவும். 600 டாலர் கொடுத்து நான் பெற்றுக்கொண்டது புதுக் கம்பி மாட்டிய பழைய கிட்டார். அதிலும் உதிரிபாகங்கள் சில காணாமல் போயிருந்தன.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாரின் வழிவந்தது இது. கால் போட்டு மேசைபோல நிற்கும். இடது கையில் ஸ்டீல் பார், வலது கையில் பிக். காலால் பெடலை மிதித்தால், முழங்காலால் லீவரைத் தள்ளினால், குறிப்பிட்ட கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். பெடல் அடியிலுள்ள ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். தண்டில் மாட்டிய பெல்கிராங்க் என்ற சிறு நெம்புகோல், புல் ராட் என்ற உலோகக் குச்சியை இழுக்கும். அது கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் சேஞ்சர் ஃபிங்கரை அசைக்கும். சுருதி எதுவரை போக வேண்டும் என்பதை ராடின் நுனியில் இருக்கும் நைலான் ட்யூனரைத் திருகி வைப்பார்கள். அதனால் ட்யூனிங் மாற்றுவது என்றால் மேலே கம்பியை இறுக்கும் கீயைத் திருகுகிற வேலை இல்லை. கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருப்பதைக் கழற்றி மறுபடி கோக்கிற வேலை.

என்னுடையது பத்துக் கம்பி, ஒற்றைக் கழுத்து, ஐந்து பெடல், நான்கு முழங்கால் லீவர். வாங்கும்போது ஈ9 ட்யூனிங்கில் இருந்தது. நாஷ்வில் கன்ட்ரி பாட்டுகளில் அழுவதுபோல வளைந்து வருகிற அந்தச் சத்தம் பெரும்பாலும் ஈ9தான். எனக்கு வேண்டியது சி6. டெக்சஸின் வெஸ்டர்ன் ஸ்விங், ஜாஸ் எல்லாம் அதில்தான் சுகமாக வரும். பட்டி எமன்ஸ் 1963இல் ஜாஸ் கலைஞர்களோடு பெடல் ஸ்டீலில் ஒரு முழு ஆல்பமே பதிவு செய்தார்; அதைக் கேட்டதிலிருந்து பிடித்த ஆசை. ஆனால் இரண்டு ட்யூனிங்குக்கும் இடைவெளி பெரிது. ஈ9இன் கடைசிக் கம்பி பி சுரம். சி6இன் கடைசிக் கம்பி அதற்குக் கிட்டத்தட்ட ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இருக்கும் சி. வழக்கமான கம்பித் தடிமனில் பார்த்தால் ஒன்று 0.036 அங்குலம், மற்றது 0.068. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எந்தப் பெடல் எந்தக் கம்பியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியே கொடுத்தேன். உதாரணத்துக்கு ஒரு பெடலில் இரண்டாவது கம்பி ஈயிலிருந்து எஃப்புக்கு ஏற வேண்டும், அதே நேரத்தில் ஆறாவது கம்பி ஈயிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு இறங்க வேண்டும். கடைசிப் பெடலில் பத்தாவது கம்பி சியிலிருந்து ஏ வரை இறங்கும், ஒன்பதாவது எஃப்பிலிருந்து ஈக்கு இறங்கும், ஏழாவது சி ஷார்ப்புக்கு ஏறும். வாசிப்பவர்கள் பூ-வா என்று சொல்கிற பெடல் அதுதான். தாளைப் பார்த்த மனிதர், "இதெல்லாம் தினமும் செய்கிறதுதான்" என்றார். பாதிப் பணம் முன்பணம், மீதி கையில் கொடுக்கும்போது.

எடுக்கப் போனபோது அவரே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். இங்கேதான் கவனிக்க வேண்டும். வேகமாக வாசித்தார், பெடலை மிதித்த கையோடு அடுத்த கார்டுக்குத் தாவினார். மிதித்து விட்டபிறகு கம்பி பழைய சுருதிக்குத் திரும்புகிறதா என்று கேட்பதற்கு இடமே கொடுக்கவில்லை. நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றதும், அடுத்த வாடிக்கையாளர் வந்துகொண்டிருக்கிறார் என்று கிட்டாரைப் பெட்டிக்குள் மடக்கிவிட்டார்.

வீட்டில் முதலில் கண்ணில் பட்டது ரோலர் நட், அதாவது கம்பிகள் ஏறிப் போகும் சிறு உருளைகளின் வரிசை. ஸ்டீல் பார் எல்லாக் கம்பிகளின் தலையிலும் ஒரே மட்டமாக உட்கார வேண்டும். அதனால்தான் தடிமன் பார்த்து ஒவ்வொரு ரோலரின் பள்ளத்தையும் வெவ்வேறு ஆழத்தில் வெட்டியிருப்பார்கள். 0.036க்கு வெட்டிய ரோலரிலேயே 0.068 கம்பியை உட்கார வைத்திருந்தார். அது முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. பார் அதன்மேல் ஏறி நிற்க, நடுவிலுள்ள கம்பிகள் சரியாகத் தொடாமல் கரகரத்தன. பில்லில் "ரோலர் நட் சரிபார்ப்பு" என்று தனியாக 40 டாலர் போட்டிருக்கிறது!

அடுத்தது சுருதி. அதை அளக்கும் அலகு சென்ட்; ஒரு செமிடோன், அதாவது அரைச் சுரம், 100 சென்ட். பெடலை மிதித்து விட்டால் சில கம்பிகள் 15, 20 சென்ட் விலகியே திரும்பின. நாலு தடவை மிதித்தால் நாலு இடத்தில் நின்றது. பூ-வா பெடலில் பத்தாவது கம்பி மட்டும்தான் அசைந்தது, அதுவும் ஏ வரை போகவில்லை. மற்ற இரண்டுக்கும் ராடே கிடையாது.

போன் செய்தேன். "புதுக் கம்பி, இழுபட்டு அடங்க வேண்டும், ஒரு மாதம் வாசியுங்கள்" என்றார். கம்பி அடங்குவதற்கு ஒரு மாதமெல்லாம் ஆகாது. அப்புறம் "அது கேபினெட் டிராப், எல்லாக் கிட்டாரிலும் உண்டு" என்றார். கேபினெட் டிராப் நிஜமான விஷயம்தான். பெடலை மிதிக்கும்போது கிட்டாரின் உடல் லேசாக வளைந்து, அந்தப் பெடலுக்குச் சம்பந்தமில்லாத கம்பிகளும் சில சென்ட் இறங்கும். காலை எடுத்தால் அது போய்விடும். எனக்கு நடந்தது காலை எடுத்த பிறகு. பாதி உண்மையை எடுத்து நீட்டுகிற ஆளிடம் வாதாடுவது கஷ்டம், தெரியாதவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். ஒரு மாதம் வாசியுங்கள் என்பதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நாள் கடந்தால், "நீங்கள்தான் எதையோ திருகிவிட்டீர்கள்" என்று சொல்லலாம் இல்லையா?

பக்கத்து ஊரில் நீண்டகாலமாக வாசிக்கும் பெரியவர் ஒருவர் கிட்டாரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். செட்டப் செய்தவர் நைலான் ட்யூனர்களைக் கொஞ்சமும் தளர்வில்லாமல் இறுக்கியிருந்தார். பெடலைத் தொடாதபோதே ராட் ஃபிங்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால், அது தன் நிறுத்தத்தில் வந்து உட்காரவே உட்காராது. அந்தத் தப்பை மேலே கீயைத் திருகி மறைத்திருக்கிறார். இறக்கும் கம்பிகளைத் திரும்ப இழுத்து நிறுத்த ரிட்டர்ன் ஸ்பிரிங் வேண்டும். என் கிட்டாரில் பழைய ட்யூனிங்கில் பத்தாவது கம்பி இறங்குகிற வேலையே இல்லை; ஆகவே அங்கே ஸ்பிரிங்கும் இல்லை, அவர் போடவும் இல்லை. ராடுகள் எல்லாம் பெல்கிராங்குகளின் ஒரே பள்ளத்தில் மாட்டப்பட்டிருந்தன. தண்டிலிருந்து தள்ளிப் போகப் போக ராட் அதிகம் நகரும், மிதிக்கவும் கனக்கும். ஒரே பெடலில் ஏறும் கம்பியும் இறங்கும் கம்பியும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்றால், எது எந்தப் பள்ளத்தில் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். வேலையே அங்கேதான் இருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது வேறு. ஈ9க்கு இருந்த முழங்கால் லீவர்களில் இரண்டு இப்போது எதையும் இழுப்பதில்லை. அவற்றின் பெல்கிராங்குகளும் ராடுகளும் என்னிடம் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "தேவைப்படாததைக் கழற்றிப் போட்டுவிட்டேன்" என்று பதில். தேவைப்படாதது யாருக்கு? அந்தக் கிட்டாரை இப்போது யாரும் செய்வதில்லை. ஒரு பிராண்டின் பெல்கிராங்க் இன்னொன்றின் தண்டில் ஏறும் என்று நம்ப முடியாது. இனி நான் ஈ9க்குத் திரும்ப நினைத்தாலும் முழுதாகத் திரும்ப முடியாது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் கவிழ்த்து வைத்து ஒவ்வொரு தண்டும் தெரியும்படி படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகமும் பையில் போட்டுத் திரும்பி வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ரோலர் மாற்றுவதற்குப் பணம் கேட்டால், கழற்றிய ரோலரையும் கேளுங்கள். எடுக்கும்போது சுருதி காட்டும் எலக்ட்ரானிக் ட்யூனரை ஒட்டவைத்து, ஒரு கம்பி, ஒரு பெடல் என்று மெதுவாகப் பாருங்கள்: மிதித்தால் போய்ச் சேருகிறதா, விட்டால் திரும்புகிறதா. பாரைப் பன்னிரண்டாம் ஃப்ரெட் மேல் வைத்துப் பத்துக் கம்பியையும் தனித்தனியாக மீட்டுங்கள். இதற்கெல்லாம் உட்கார விடாதவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முன்பணத்தைக் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணையில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த பாதி போனது போனதுதான். பெரியவர் ரோலர்களையும் ஸ்பிரிங்குகளையும் சரிசெய்துகொண்டிருக்கிறார். அறுகோணத் தண்டில் மாட்டுகிற பழைய பெல்கிராங்குகள் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பேன்.