தோமா நற்செய்தியா, யாக்கோபு நற்செய்தியா: எதை முதலில் படிப்பது?

விவிலியத்தில் சேராத நூல்களைப் படிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தோமா நற்செய்தியைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 1945-ல் எகிப்தின் நாக் ஹமாதி பக்கம், மண்ணுக்கடியில் ஒரு ஜாடிக்குள் இருந்து கிடைத்தது என்ற கதையே ஆளை இழுத்துவிடும். என்னைக் கேட்டால், யாக்கோபின் பெயரில் உள்ள நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

தோமாவில் கதையே கிடையாது. 114 வாசகங்கள், 'இயேசு சொன்னார்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறப்பு, சிலுவை, உயிர்ப்பு எதுவும் இல்லை. கடுகு விதை உவமை மாதிரி நிறைய வாசகங்கள் மத்தேயு, லூக்காவில் ஏற்கெனவே படித்தவைதான். ஆனால் 97-ஆம் வாசகம் விவிலியத்தில் உள்ள நான்கு நற்செய்திகளிலும் இல்லை: ஒரு பெண் மாவுப் பானையோடு நெடுந்தூரம் நடக்கிறாள், பிடி உடைந்து மாவு வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போகிறது, அவளுக்குத் தெரியவே இல்லை, வீட்டில் இறக்கிவைத்துப் பார்த்தால் பானை காலி. தந்தையின் அரசு அப்படிப்பட்டதாம். விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது பிடிபடுவதில்லை, விடவும் மாட்டேன் என்கிறது.

யாக்கோபு நற்செய்தி நேர்மாறு, முழுக்கக் கதை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரியாவின் பிறப்பு, கோயிலில் அவர் வளர்ந்தது, குகையில் குழந்தை பிறந்தது என்று போகும். மருத்துவச்சியைத் தேடி யோசேப்பு போகும்போது சட்டென்று உலகமே நின்றுவிடுகிறது. பறவைகள் வானத்தில் அசையாமல் நிற்கின்றன, சாப்பிட உட்கார்ந்தவர்களின் கை பாத்திரத்திலேயே இருக்கிறது, மேய்ப்பன் ஓங்கிய கோல் இறங்கவில்லை, ஓடையில் வாய் வைத்த ஆட்டுக்குட்டிகள் குடிக்கவில்லை. அந்தப் பகுதிக்காகவே படிக்கலாம்.

அப்புறம், 'திருச்சபை மறைத்துவிட்டது' என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேசுவது சரியில்லை. தோமா நற்செய்தி பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் போனது உண்மைதான். யாக்கோபு நற்செய்தியோ விவிலியத்தில் இடம் கிடைக்காமலே மக்களிடம் தங்கிவிட்டது, கிரேக்கத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இருக்கின்றன. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் என்ற பெயர்கள் விவிலியத்தில் எங்கும் இல்லை, இங்கிருந்து வந்தவை. இலங்கையில் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் பெயரே இந்த நூல் தந்ததுதான்.

யாக்கோபை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். தோமாவை அப்படிப் படித்தால் ஒன்றும் நிற்காது, ஒரு நாளைக்கு ஒரு வாசகம் போதும். தோமாவின் பெயரிலேயே இயேசுவின் குழந்தைப் பருவக் கதைகளும் உண்டு, அது வேறு நூல், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.