ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள், ஹீட்டர் படுத்துவிட்டது: என் இரண்டு நட்சத்திர விமர்சனம்

வீட்டில் ஸ்மார்ட் மின்சார மீட்டர் மாட்டிவிட்டுப் போன அன்று மாலை 4 மணிக்கே போனுக்கு ஒரு செய்தி வந்தது, இன்றைய சேவை எப்படி இருந்தது என்று கேட்டு. வந்த பையன் மரியாதையானவன், ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான், குப்பையைக்கூடப் பெருக்கிவிட்டுப் போனான். ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். இங்கே அதை இரண்டாகக் குறைக்கிறேன். மின்சார நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே கதையை வேறு நிறுவனத்தில் இருக்கும் நண்பர்களிடமும் கேட்டுவிட்டேன்.

எங்களுடையது தெற்கு லண்டனில், க்ராய்டன் பக்கம், கேஸ் இல்லாத பழைய அடுக்குமாடி. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு ஸ்டோரேஜ் ஹீட்டர். தெரியாதவர்களுக்கு: இரும்புப் பெட்டிக்குள் கனமான செங்கற்கள், நடுவில் கம்பிச்சுருள். இரவில் மலிவு நேரத்தில் கரண்ட் எடுத்துக் கல்லைச் சூடாக்கிக்கொள்ளும், பகல் முழுக்க அந்தச் சூட்டை மெல்ல விடும். 1978-ல் வந்த எகானமி 7 கட்டணத்தின் கணக்கே இதுதான், இரவில் ஏழு மணி நேரம் மலிவு. திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "சூளையைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்களாடா" என்றார்.

அந்த இரவு நேரம் எப்போது தொடங்குகிறது என்று ஹீட்டருக்குத் தெரியாது. அதற்கென்று தனி பியூஸ் பாக்ஸ் உண்டு, அந்தப் பெட்டிக்கு இரவில் மட்டும் கரண்ட் வரும். எங்கள் வீட்டில் அதைத் திறந்து மூடியது ரேடியோ டெலிஸ்விட்ச் என்கிற கருப்புப் பெட்டி. பிபிசி ரேடியோ 4 லாங்வேவில், 198 கிலோஹெர்ட்ஸில், பேச்சோடு பேச்சாக நம் காதில் விழாத ஒரு சிக்னலும் போனது, அதைக் கேட்டு இந்தப் பெட்டி ஸ்விட்சைத் தட்டியது. ஏதோ உளவுப் படம் மாதிரி இருந்தாலும் பல வருடம் பிசகாமல் ஓடியது. அந்த சேவையை 2025 ஜூன் 30-லிருந்து பகுதி பகுதியாக நிறுத்துகிறோம், மீட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. ஆக மாற்றியது தவறில்லை. மாற்றிய விதம்தான்.

நவம்பர், வியாழக்கிழமை, காலை 10 மணி. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. விளக்கைப் போட்டுக் காட்டினான், கெட்டிலைக் கொதிக்க வைத்தான், எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் சின்னத் திரை ஒன்றை ஹாலில் வைக்கக் கொடுத்தான். ஹீட்டர்? "அது ராத்திரி தானா வரும்" என்றான். நானும் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், மொத்தக் கோளாறும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. இரவில் மட்டும் வேலை செய்கிற பொருளைப் பகலில் மாட்டி, பகலில் சோதித்து, பகலிலேயே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சரியாக மாட்டினார்களா என்று பார்க்கிற வேலை நம் தலையில், அதுவும் ராத்திரி பனிரெண்டரை மணிக்கு மேல்.

கண்டுபிடித்தது நான் அல்ல, இட்லி மாவு. லண்டன் குளிரில் மாவு பொங்காது என்பதால் அம்மா ஹால் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் பாத்திரத்தை வைப்பார் (ஹீட்டர் மேலேயே எதையும் வைக்கக் கூடாது, துணியும் போடக் கூடாது, நெருப்புப் பயம்). வெள்ளிக்கிழமை காலை மூடியைத் திறந்தால், கரைத்து வைத்த கோடு அப்படியே இருக்கிறது. "மாவு அசையவே இல்லடா, பொட்டி ஜில்லுனு இருக்கு."

நான் முதலில் குமிழ்களைச் சந்தேகித்தேன். மேலே இன்புட், அவுட்புட் என்று இரண்டு உண்டு: எவ்வளவு சூட்டைச் சேர்த்து வைக்கலாம் என்பது ஒன்று, எவ்வளவு வேகமாக வெளியே விடலாம் என்பது இன்னொன்று. இரவில் அவுட்புட்டைக் குறைத்து வைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் கல் ஆறிவிடும், பாதிப் பேர் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான். நான் இன்புட்டை 6 வரை முறுக்கி வைத்தேன். சனிக்கிழமை காலையும் ஜில்தான், போதாததற்குக் குளிக்கிற தண்ணீரும் பச்சைத் தண்ணீர். அப்போதுதான் பொறி தட்டியது, வெந்நீர்த் தொட்டியின் கீழ்க் கம்பியும் அதே இரவுப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு ஹீட்டர் மட்டும் ஆறிப்போனால் ஹீட்டரைப் பாருங்கள். எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து ஆறிப்போனால் மீட்டரைப் பாருங்கள்.

நிறுவனத்துக்கு போன் போட்டால் நாற்பது நிமிடம் பாட்டு. எடுத்த பெண், இன்புட் குமிழைக் கூட்டிப் பாருங்கள் என்றார். போகட்டும். அன்றிரவு 12.30-க்கு முன்னாலேயே மீட்டர் அலமாரி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மீட்டர் திரையில் ரேட் 1 என்பது ரேட் 2 ஆக மாறியது, ஆக இரவுக் கட்டணம் அதற்குத் தெரிகிறது. ஆனால் ஹாலில் இருக்கிற சின்னத் திரையில் 0.2 கிலோவாட்டிலிருந்து ஒரு அசைவும் இல்லை. எங்கள் ஹீட்டர் ஒன்று 3.4, இன்னொன்று 2.55. இரண்டும் ஓடினால் கிட்டத்தட்ட 6 காட்ட வேண்டும். கட்டணம் மாறுகிறது, கரண்ட் வரவில்லை.

சந்தேகம் தீர ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்தேன், இவருக்குத்தான் என் ஐந்து நட்சத்திரம். 70 பவுண்டு வாங்கினார், முக்கால் மணி நேரம் இருந்தார். ஹால் ஹீட்டரின் இணைப்பை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்தார். 17 ஓம் காட்டியது. 3.4 கிலோவாட்டுக்கு அந்த அளவுதான் வர வேண்டும், கம்பிகள் நன்றாக இருக்கின்றன என்றார். அப்புறம் மீட்டர் அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். என்னுடையது ஐந்து முனை மீட்டராம், ஐந்தாவது முனைதான் இரவில் மட்டும் திறக்கிற வாசல். ஹீட்டர் பெட்டிக்கான வயர் அதில் சரியாகத்தான் இருந்தது. எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்கிற நேரப்பட்டியலை நிறுவனம் தன் இடத்திலிருந்து மீட்டருக்கு அனுப்ப வேண்டும், அதை அனுப்பவில்லை. "சீல் இருக்கு, நான் தொடக்கூடாது. இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க" என்று ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளுக்கே 70 பவுண்டு தகும்.

தாளில் இருந்ததைப் படித்துக் காட்டி, வீட்டில் வயதானவர் இருக்கிறார் என்றும் சொன்னதும் மூன்றாம் நாள் வேறொருவர் வந்தார். பத்தே நிமிடம். ஹீட்டர் பெட்டி வயரை ஐந்தாவது முனையிலிருந்து எடுத்து, வீட்டு விளக்குக்குப் போகிற அதே லைனோடு சேர்த்துவிட்டார். ஹீட்டர் உடனே சுட ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். எனக்கும்தான், ஒன்பது நாள் வரைக்கும்.

பத்தாவது நாள் மதியம் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போதுதான் சின்னத் திரையில் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். மணி 3, கரண்ட் 6 கிலோவாட். இருபத்துநாலு மணி நேரமும் திறந்த வாசல் என்பதால், சூடு கொஞ்சம் இறங்கினாலே கல் மறுபடி கரண்டை இழுக்கிறது. அப்போது எங்களுக்குப் பகலில் யூனிட் 31 பென்ஸ், இரவில் 15. அரைமணிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் தினமும் சுமார் 22 யூனிட் பகல் விலையில் போயிருக்கிறது. நாளுக்கு மூன்றரைப் பவுண்டு தண்டம், ஒன்பது நாளுக்கு 32-க்குக் கொஞ்சம் குறைவு. ஹீட்டர் ஜில்லென்று இருந்தால் மறுநாளே கத்துவோம். இது கதகதப்பாக இருந்துகொண்டே பையைக் காலி செய்யும், குளிர்காலம் முடிந்து பில் வரும்போதுதான் தெரியும். "சரி பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் இரண்டு நாள் திரையைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பகலில் தானாக எண் எகிறினால் வயர் தவறான இடத்தில் இருக்கிறது.

இந்த முறை போன் போடவில்லை, எழுத்தில் புகார் கொடுத்தேன். "இது முறையான புகார்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், தேதி போட்டு வையுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் மின்சார, கேஸ் புகார்களை விசாரிக்கும் நடுவரான எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. எனக்கு அதுவரை போகவில்லை. ஒரு வாரத்தில் மூன்றாவது ஆள் வந்து வயரை மறுபடி ஐந்தாவது முனைக்கு மாற்றினார், அலுவலகத்துக்கு போன் போட்டு, நேரப்பட்டியல் மீட்டருக்கு வந்து சேரும்வரை அங்கேயே நின்றார். கூடுதல் பணத்தைத் திருப்பி, எலக்ட்ரீஷியன் செலவையும் கொடுத்தார்கள். இரண்டாவது நட்சத்திரம் அந்த மூன்றாவது ஆளுக்காக.

மீட்டர் கடிகாரம் கிரீன்விச் நேரத்திலேயே ஓடும் என்பதை அவர்தான் சொன்னார். ஆக மார்ச் கடைசியில் நாம் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும்போது எங்கள் மலிவு நேரம் ஒன்றரையிலிருந்து எட்டரை வரை ஆகிவிடும். வாஷிங் மெஷினுக்கு டைமர் வைப்பவர்கள் கவனிக்கவும்.

அன்றிரவும் நாற்காலி போட்டேன். அம்மாவும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், "நம்ம ஊர்ல இ.பி.காரர் ரெண்டு மாசத்துக்கொரு தடவ வந்து அட்டையில எழுதிட்டுப் போவார், அவ்வளவுதான்" என்று முணுமுணுத்தபடி. பனிரெண்டரைக்கு அலமாரிக்குள் டக் என்று ஒரு சத்தம். திரையில் 0.2 போய் 6.1 வந்தது. அம்மா எழுந்து போய் மாவுப் பாத்திரத்தை ஸ்டூலில் வைத்து, அடியில் ஒரு தட்டும் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் தட்டு நிறைய மாவு.