'மதகுரு'வின் ஏரிக்கு ஒரு நாள்: ஃப்ரிக்கென் வழிகாட்டிச் சேவை குறித்து

சென்ற ஜூன் மாதம் ஸ்வீடனுக்குச் சென்றிருந்த எங்கள் எண்மர் குழு, சிங்கப்பூரிலேயே ஒரு பயண முகவரிடம் பணம் கட்டி, வார்ம்லாந்து மாநிலத்தில் உள்ள ஃப்ரிக்கென் ஏரியைச் சுற்றிக்காட்டும் ஒரு நாள் சேவையைப் பதிவு செய்திருந்தது. ஆளுக்கு 260 சிங்கப்பூர் வெள்ளி. சிற்றுந்து, ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி, இரண்டு இடங்களுக்கான நுழைவுச்சீட்டு, மதிய உணவு ஆகியவை அதில் அடங்கும். முகவரின் விளம்பரத்தாள் இதனை 'ஏரி இயற்கைக் காட்சி உலா' என்று அழைக்கிறது. அந்தப் பெயரை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஸெல்மா லாகர்லெவின் முதல் நாவலை, க.நா.சு. தமிழில் தந்த 'மதகுரு' வழியாகவேனும் படித்துவிட்டுப் போகிறவருக்கே இந்தப் பணம் செரிக்கும்.

முதலில் ஏரி. ஃப்ரிக்கென் என்பது உண்மையில் ஒன்றோடொன்று கோத்த மூன்று ஏரிகள்: மேல், நடு, கீழ். வடக்கே டோர்ஸ்பி ஊரில் தொடங்கித் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீள்கிறது. துவாஸிலிருந்து சாங்கி வரை நம் சிங்கப்பூர்த் தீவு முழுவதையும் கிடத்தினாலும் 50 கிலோமீட்டர் அளவுதான் வரும் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நீளம் மனத்தில் நிற்கும். நீளம்தான் பெரிது, அகலம் மிகக் குறைவு. பரப்பு 100 சதுர கிலோமீட்டரை ஒட்டியது. ஆழமோ சில இடங்களில் 120 மீட்டர் அளவுக்குப் போகிறது. நம் தீவின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவை அங்கே இறக்கி வைத்தால் உச்சியில் நாற்பது மீட்டர் சொச்சமே வெளியில் தெரியும். ஏரியின் நீர் தெற்கே நோர்செல்வென் ஆறாக வெளியேறி, ஸ்வீடனின் மிகப் பெரிய ஏரியான வேனர்னில் கலக்கிறது. மேல் ஏரியும் நடு ஏரியும் சந்திக்கும் இடுக்கில் சுன்னெ என்ற சிற்றூர் இருக்கிறது. எங்கள் பயணம் அங்கிருந்துதான் புறப்பட்டது.

வழிகாட்டி தம் வேலையை அறிந்தவர். நாவலில் ஏரிக்கு லோவன் என்று வேறு பெயர் சூட்டப்பட்டிருப்பதையும், அதன் தொடக்கப் பகுதியிலேயே நீண்ட ஏரி, அதை அடுத்த சமவெளி, அதற்கப்பால் நீல மலைகள் என்று நிலம் வரிசையாக அறிமுகமாவதையும், சிற்றுந்தை ஒரு மேட்டில் நிறுத்தி, கையை நீட்டிக் காட்டியே விளக்கினார். எனக்கு அப்போது நம் இலக்கணத்தின் முதற்பொருள் நினைவுக்கு வந்தது. முன்கதையை விட்டால், நிலமும் பொழுதும் அமைந்த பிறகே அங்கே மாந்தர் வருகிறார்கள். பொழுதும் ஒரு கிறிஸ்துமஸ் இரவு முதல் மறு கிறிஸ்துமஸ் வரையிலான ஓராண்டு என்று கறாராக வகுக்கப்பட்டிருக்கிறது. பதவி பறிக்கப்பட்ட பாதிரியார் கெஸ்டா பெர்லிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 1820களின் இரும்பாலைச் செல்வத்தை அந்த ஓராண்டில் ஆடியும் குடித்தும் அழிப்பதை, இந்தக் கரையைப் பார்த்த பிறகு வெறும் கற்பனையாக என்னால் கொள்ள முடியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணை வீடுகள் பலவும் இரும்பை உருக்கி, அடித்து, நீர்வழியே அனுப்பிப் பிழைத்தவைதாம்.

கதையில் வரும் ஏக்கெபி மாளிகைக்கு மூலமான ரோட்னெரோஸ் நடு ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது. பழைய கட்டடம் 1929இல் எரிந்துபோனது. இன்று நிற்பது 1932இல் எழுந்தது. அதன் உரிமையாளர் ஸ்வாந்தே போல்சன் உருவாக்கிய சிற்பப் பூங்காவில் கார்ல் மில்லஸ், கார்ல் எல்ட் போன்றோரின் படைப்புகள் இருக்கின்றன. பூங்கா அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மட்டும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஏரிக்குக் கிழக்கே உள்ள மோர்பாக்காதான் இந்த நாளின் உச்சம். லாகர்லெவ் 1858இல் பிறந்ததும் 1940இல் மறைந்ததும் இந்த வீட்டில்தான். தந்தையின் மறைவுக்குப் பிறகு கடனில் கைவிட்டுப் போன வீட்டை 1907இல் திரும்ப வாங்கினார். இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1909இல் முதல் பெண்ணாகப் பெற்ற பிறகு நிலங்களையும் மீட்டார். அவர் பிள்ளைப் பருவத்தில் ஓடியாடிய எளிய பண்ணை வீட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள்: 1921 முதல் 1923 வரை நடந்த பெரும் புதுப்பிப்பில் அது தூண்கள் வைத்த மாளிகையாகிவிட்டது. உள்ளே அவருடைய நூலகமும் எழுதும் அறையும் காக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தாளர் பண்ணையையும் தாமே நடத்தினார், ஓட்ஸ் மாவு தயாரித்து விற்றார் என்று கேட்டபோது, தமிழ் எழுத்தாளர்களின் பதிப்பக முயற்சிகளை நினைத்து எங்கள் குழுவில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

அந்த ஓட்ஸ் மதிய உணவிலும் வந்தது. வறுத்த ஓட்ஸ் மாவில் கெட்டியாகக் கிளறும் நேவ்குரோட் இந்த மாநிலத்து உணவு. 'நேவ்' என்றால் கை முஷ்டி, ஒரு காலத்தில் கையால் எடுத்து உண்டார்களாம். பன்றி இறைச்சியோடு பரிமாறுவது வழக்கம். சைவ உணவு வேண்டும் என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தும் என் தட்டிலும் இறைச்சி வந்தது; திருப்பி அனுப்பி, லிங்கன்பெரிப் பழக்கூழோடு மட்டும் உண்டேன். கேழ்வரகுக் களியில் வளர்ந்த வயிற்றுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி, விடுபட்டவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏரியின் தென்முனையான ஃப்ரிக்ஸ்டாடிலிருந்து குதிரைகள் இழுத்த இருப்புப்பாதை ஒன்று ஓடியது. ஸ்வீடனின் மிகப் பழைய இருப்புப்பாதைகளுள் அதுவும் ஒன்று. 1896இல் மூழ்கிய ஃப்ரேயா என்ற நீராவிக் கப்பலை 1994இல் ஏரியின் அடியிலிருந்து தூக்கிச் சீரமைத்தார்கள். சுன்னெயில் வளர்ந்த யோரான் துன்ஸ்ட்ரோம், பாஹின் இசைப் படைப்பு ஒன்றை அவ்வூர்த் தேவாலயத்தில் அரங்கேற்றும் கனவைச் சுற்றி 1983இல் ஒரு நாவல் எழுதினார். இவை மூன்றுக்கும் வழிகாட்டி மொத்தமாக ஐந்து நிமிடம் செலவிட்டார். இங்கிலாந்துக் காற்பந்துக் குழுவின் முன்னாள் பயிற்றுவிப்பாளர் ஸ்வென் யோரான் எரிக்சன் சுன்னெயில் பிறந்து டோர்ஸ்பியில் வளர்ந்தவர் என்பதற்கு மட்டும் பத்து நிமிடம் கிடைத்தது. எங்கள் குழுவின் இளைஞர்கள் விடாமல் கேட்டதால் வழிகாட்டியைக் குறை சொல்வதற்கில்லை.

பெரிய குறை வேறு. ஏரியின் நீளத்தை ஒரே பார்வையில் உணர வைக்கும் டொசெபெர்க்ஸ்கிளெட்டன் குன்றில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். நாவலின் முதல் பக்கங்களை அங்கே உட்கார்ந்து மீண்டும் படிக்கலாம் என்று நூலை எடுத்துச் சென்றிருந்தேன். பையைத் திறப்பதற்குள் ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துவிட்டார். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் நாட்டில் மாலை ஐந்து மணிக்கே பயணத்தை முடிக்க என்ன அவசரம்?

ஊர் திரும்பியதும், சிற்பப் பூங்காவின் நேரத்தில் ஒரு மணியைக் குன்றுக்கு மாற்றித் தருமாறு முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாடிக்கையாளர்களுக்குப் பூங்காவில்தான் படம் நன்றாக வருகிறது என்று மறுநாளே பணிவாகப் பதில் வந்தது.