ஆறு வருடக் கறுப்பும் ஒரு மஞ்சள் துணியும்

போன வாரம் மச்சினன் போன் பண்ணினான். புது கார் புக் பண்ணப் போகிறானாம். “மாமா, நீங்க ஆறு வருஷமா கறுப்பு வெச்சிருக்கீங்க. எடுக்கலாமா?” மைலேஜ், சஸ்பென்ஷன் எல்லாம் அவனே பார்த்துவிட்டான், கேட்டது கலரை மட்டும். அதற்கு முந்தின நாள்தான் பாலிஷ் கடையில் 9,500 ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன்.

மெட்டாலிக் கலக்காத வெறும் கறுப்பு என்னுடையது. எடுத்த அன்று பானெட்டில் தெரிந்த வேப்பங்கிளையில் இலைகளை எண்ணலாம். அந்த அழகு நான்கு மாதம் நின்றது. ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் எல்இடி விளக்குக்குக் கீழே நிறுத்தினேன். பானெட்டில் விழுந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை. நான் ஓரடி நகர்ந்தால் வலையும் கூடவே வருகிறது! யாரோ வட்டமாகத் தேய்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன; வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு, கண்ணில் படாது, அவ்வளவுதான்.

எங்கள் அபார்ட்மென்டில் காலையில் கார் துடைக்க ஒருவர் வருவார். ஒரு பக்கெட், ஒரு மஞ்சள் துணி, 14 கார். என்னுடையது பதினொன்றாவது. முந்தைய பத்து வண்டியின் மண்ணும் அந்தத் துணியில் ஏறித்தான் என் பானெட்டுக்கு வரும். முதலில் கோபம் தலைக்கேறியது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் அவர் எப்போது முடித்து அடுத்த தெருவுக்குப் போவது? மாதா மாதம் பணம் கொடுத்துவிடுகிறேன், என் வண்டியைத் தொட வேண்டாம் அண்ணே என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

சர்வீஸில் விட்டபோது ஜாப் கார்டில் ‘வாஷ் வேண்டாம்’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். கழுவியும் கொடுத்தார்கள். ஒருமுறை இலவசமாகப் பாலிஷ் வேறு. மூன்று தடவை கழுவியதும் கீறல் அத்தனையும் திரும்பி வந்தது. அந்தப் பாலிஷ் கீறலைப் பசை மாதிரி அடைத்து மறைக்குமே தவிர எடுக்காது.

எடுக்கிற பாலிஷ்தான் இப்போது போட்டது. கடைக்காரர் முதலில் கருவி வைத்து அளந்தார்: பானெட்டில் பெயின்ட் தடிமன் மொத்தமே 112 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). அதில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் பூச்சான கிளியர்கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் கீறலை எடுக்கிறார்கள். வருடா வருடம் சீவினால் என்ன மிஞ்சும்? செராமிக் கோட்டிங் போட்டுக்கொள்ளுங்கள், 9எச் கடினம், கீறலே விழாது என்றார். அந்த 9எச் பென்சிலால் கீறிப் பார்க்கிற கணக்கு. மணலுக்கு அது தெரியாது. தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், கழுவுவது சுலபம், அதுவரை சரி. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள், வெயில் ஏறும் முன் நானே கழுவுகிறேன். முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட வேண்டும். பக்கெட் இரண்டு: ஷாம்புக்கு ஒன்று, துணி அலச ஒன்று. கூரையிலிருந்து கீழே வருவேன்; சக்கரத்துக்குத் தனித் துணி. எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கிறேன், தேய்ப்பதே இல்லை. துணி தரையில் விழுந்துவிட்டால் அது அன்றைக்குக் காருக்கு ஆகாது.

இவ்வளவையும் சொல்லி, “வெள்ளை எடுடா” என்றேன். “அப்ப நீங்க அடுத்தது?” என்றான். கறுப்புதான் என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும், மழை விட்ட சாயங்காலத்தில் அவன் அதைக் கழுவிப் பார்த்ததில்லை.

முந்தாநாள் மாமனார் ஊரிலிருந்து வந்தார். பையை வாங்கலாம் என்று கீழே இறங்கிப் போனால், தோளில் கிடந்த துண்டை எடுத்து பானெட்டை வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “தூசியா இருந்துச்சு மாப்ளே.”

“பரவால்ல மாமா, மேல வாங்க, காபி ரெடியா இருக்கு” என்றேன். இன்னும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.